உடையவனே தண்டையல்

கடலிற் செல்வோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். பிழைப்புக்காகச் செல்வோர் ஒரு வகையினர். விருப்புக்காகச் செல்வோர் மற்றொரு வகையினர். நம் கரையோரங்களில் வாழ்வோர் முன்னையவரை நன்கு அறிவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதனதன் குணமறிந்து தொழில் செய்யும் மக்கள் நம்மிடையே தலைமுறை தலைமுறையாக உளர். ஊதியம் எதுவுமின்றிக் கைப்பொருளையும் செலவிட்டு, ஓய்வு நாளிற் பாய் விரித்துக் கடலில் அலைந்து, நனைந்து, உறக்கமின்றிக் கரை திரும்பும் மனிதரும் உலகில் உளர் என்று அவர்களிடம் கூறினால், அவர்கள் நகைத்தாலும் வியப்பதற்கில்லை.

எனினும் அத்தகையோர் பல்லாயிரவர் உளர். மேனாட்டுத் துறைமுகங்களிற் சிறு பாய்ப்படகுகள் நெருங்கி நிற்பதைப் படங்களிற் காண்கின்றோம். அவற்றை நோக்குவோர், செல்வர்களின் விளையாட்டுப் பொருள்கள் இவை என்று எண்ணி அமைவர். அது பாதி உண்மை. விளையாட்டாகத் தொடங்கிய இவ்வழக்கம் மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் வேறொன்றாக மாறிவிட்டது. தொடக்கத்தில் உடையவன் இருக்கையில் அமர்ந்திருந்தான். ஏவலர் படகை ஓட்டினர். பின்னர் ஏவலர் ஒவ்வொருவராக நீங்கினர். ஈற்றில் உடையவனே தண்டையலாகவும், மாலுமியாகவும், ஓடாவியாகவும், சமையற்காரனாகவும், இராக்காவலனாகவும் ஆயினான். இம்மாற்றம் நிகழ்ந்த வகையையும், அதனால் அவன் தலைமேல் வந்த அன்றாடக் கவலைகளையும், அக்கவலைகளை அவன் விரும்பி ஏற்ற காரணத்தையும் இப்பேச்சிற் காண்போம்.

உல்லாசப் பாய்க்கப்பலை ஆங்கிலத்தில் ‘யொட்’ என்பர். இச்சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதன் மூலச்சொல் வேட்டையைக் குறிப்பது. விரைந்து துரத்த வல்ல சிறு கப்பலுக்கு அது பெயராயிற்று. நாடிழந்து ஐரோப்பாவில் அலைந்த இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1660ஆம் ஆண்டு அரியணை ஏறியபோது, அம்ஸ்ரடாம் நகரத்தார் ‘மேரி’ என்னும் அழகிய கப்பலொன்றை அவனுக்குப் பரிசாக அளித்தனர். மறு ஆண்டிலே மன்னனும் அவன் தம்பி ஜேம்ஸும் தத்தம் கப்பல்களில், 100 பவுண் பந்தயத்துக்கு, கிறீனிச்சிலிருந்து கிறேவ்சென்ட் வரை தேம்ஸ் நதியிற் சென்று மீண்டனர். அன்று மன்னனே சிறிது நேரம் சுக்கான் பிடித்தான் என்று அவனுடன் சென்ற ஜோன் ஈவ்லின் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மன்னன் சுக்கான் பிடித்தது குறித்து வைக்கத்தக்க செய்தியாக இருந்ததென்றால், பிடிக்க வேண்டிய கடமை அவனுக்கு இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அடுத்த இரு நூற்றாண்டுகளும் பெருமக்களின் காலம். அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் 1720ஆம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றியது; இலண்டனில் 1815ஆம் ஆண்டு மற்றொன்று தோன்றிப் பின்னர் அரச சங்கமாயிற்று. கப்பல்கள் பெருத்தன, பந்தயங்கள் பெருகின. அவற்றை ஓட்டியவர் யாவர்? இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையிலுள்ள வைவன்ஹோ, பிறைற்லிங்சி, ரொலஸ்பெரி முதலிய ஊர்களின் மீனவரே பெரும்பாலும் அக்கப்பல்களின் மாலுமிகள். கோடையில் அவர்கள் செல்வரின் கப்பலிற் கூலிக்குப் பாய் இழுத்தனர். மாரியில் தம் சொந்தத் தொழிலுக்கு மீண்டனர். கயிறு எங்கே தேய்ந்தது, பலகை எங்கே கசிந்தது, நங்கூரம் பற்றியதா இழுபட்டதா என்பன யாவும் அவர்களுடைய கவலைகள். உணவு எத்தனை மணிக்கு என்பது மட்டுமே உடையவனுடைய கவலை.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் றிச்சட் மக்முலன். அவர் இலண்டனிற் பங்குத் தரகராகத் தொழில் புரிந்தவர். 1850ஆம் ஆண்டு, 20 அடி நீளமான ‘லியோ’ என்னும் படகை உடையவராகி, தட்டுத் தடுமாறித் தாமே படகோட்டக் கற்றார். கண்டிப்பு மிக்க மனிதர். கயிறு சுற்றிவைக்கும் முறையிலும் குறை காண்பவர். வயது ஏறவே பெரிய படகும் கூலியாட்களும் அவருக்கு வந்து சேர்ந்தனர். 1877ஆம் ஆண்டு பிரான்சின் ஷேர்பூர் துறைமுகத்தில் ஆட்களோடு மனத்தாங்கல் ஏற்பட்டது. அவர்களை விலக்கிவிட்டு, 19 தொன் எடையுள்ள ‘ஒறையன்’ என்னும் படகைத் தனியொருவராகவே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தார். பல கைகள் இழுக்க வேண்டிய பாய்களை இரு கைகளால், கப்பிகளின் துணைகொண்டு, அவசரமின்றி இழுத்தார். கூலியாள் இல்லாவிடிற் படகு அசையாது என்ற நம்பிக்கை அன்று தகர்ந்தது.

மக்முலனின் முடிவும் அவர் வாழ்வுக்கு ஏற்றதாகவே அமைந்தது. 1891ஆம் ஆண்டு யூன் மாதம், அவர் தனியே கால்வாயிற் சென்றுகொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றுவிட்டது. உடையவன் இறந்ததை அறியாத படகு பாய் விரித்தபடியே சென்றுகொண்டிருந்தது. பிரெஞ்சு மீனவர் அதனைக் கண்டனர். அவர் தம் இருக்கையில் அமர்ந்தபடி உயிர் நீத்திருந்தார். கயிறுகள் யாவும் உரிய இடத்திற் கட்டப்பட்டிருந்தமையாற் படகுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. தனியே கடலிற் செல்பவனைத் துரத்தும் அச்சங்களுள் இதுவும் ஒன்று. உதவிக்கு ஆளில்லை என்பது அவன் தேடிப் பெற்ற சுதந்திரம். அச்சுதந்திரத்தின் விலையும் அதுவே.

மக்முலனின் காலத்திலேயே ஜோன் மக்கிறெகர் என்பவர், 21 அடி நீளமான ‘றொப் றோய்’ என்னும் படகில் 1867ஆம் ஆண்டு தனியே பாரிசுக்குச் சென்று மீண்டார். படகிலே உறங்கி, சிறு அடுப்பிற் சமைத்து உண்டு, தாம் பட்டனவற்றை நூலாக எழுதினார். அந்நூலைப் படித்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் மருத்துவரும், நமக்கும் இது இயலும் என்று எண்ணினர். 1880ஆம் ஆண்டு, வழக்கறிஞரான ஆதர் அண்டர்ஹில் ஒரு சங்கம் நிறுவினார். பந்தயம் அதன் நோக்கமன்று. சிறு துறைகளுக்குள் நுழையும் வழி எது, பாறை எங்கே உளது, குடிநீர் எங்கே கிடைக்கும் என்றாற்போன்ற செய்திகளை உறுப்பினர் ஒருவருக்கொருவர் அறிவிப்பதே நோக்கம். கூலி மாலுமி தலைக்குள் வைத்திருந்த அறிவு இப்பொழுது ஏட்டில் ஏறத் தொடங்கியது.

ஏவலர் நீங்கியதும் உடையவனைப் பற்றிய முதற் கவலை நீர்க்கசிவு. மரப்படகு உயிருள்ள பொருள் போன்றது. கரையிற் கிடந்தாற் பலகை காய்ந்து இடுக்கு விரியும். கடலில் இறங்கினால் ஊறி இடுக்கு மூடும். அலையில் முறுக்குண்டால் மீண்டும் திறக்கும். அவ்விடுக்குகளிற் பஞ்சு திணித்து அடைக்கும் வேலையை நம் ஓடாவிமார் கலப்பத்து என்பர். இரண்டாவது கவலை புழு. வெப்பக் கடலில் வாழும் கப்பற்புழு வெளியே ஊசித்துளையளவு வாயிலும் உள்ளே விரலளவு சுரங்கமுமாகப் பலகையை அரிக்கும். கொலம்பஸின் இறுதிப் பயணத்தில் எஞ்சிய இரு கப்பல்களும் புழு அரித்து ஓட்டையாகி 1503ஆம் ஆண்டு ஜமெய்க்காக் கரையில் ஏற்றப்பட்டன என்பது வரலாறு. மூன்றாவது கவலை பாசியும் கொட்டலசும். அவை அடிப்பாகத்திற் படர்ந்தால் நல்ல காற்றிலும் படகு தவழும். ஆதலால் ஆண்டுக்கொரு முறையேனும் கரையேற்றிச் சுரண்டி மருந்துப்பூச்சுப் பூசுதல் வேண்டும். படகு வைத்திருப்போர் கடலிற் கழிக்கும் நாட்களிலும் சுரண்டுவதிற் கழிக்கும் நாட்களே மிகுதி என்றாலும் பொய்யாகாது.

இவ்வேலைகளைத் தன் கையாற் செய்வதிலேயே பெருமை உண்டு என்பதை உலகம் உணரச் செய்தவர் ஜோசுவா ஸ்லோக்கம். அவர் தொழில்முறைக் கப்பற் தலைவர். நீராவிக் கப்பல்கள் பெருகியதால் தொழிலிழந்து நின்றார். 1892ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், வயலொன்றிற் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்த ‘ஸ்பிறே’ என்னும் சிப்பிப்படகை நண்பரொருவர் அவருக்குக் கொடுத்தார். அவர் அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிமரமாக்கினார். 13 மாத உழைப்பும் 553 டொலர் 62 சதமும் செலவாயின. இதனால் வருவாய் உண்டா என்பதே பார்க்க வந்தோரின் கேள்வி. 1895ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, உலகைத் தனியே சுற்றி, 46,000 மைலுக்கு மேற் கடந்து, 1898ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி நியூபோட்டை அடைந்தார். தனியொருவர் பாய்ப்படகில் உலகைச் சுற்றியது அதுவே முதன்முறை.

அப்பயணத்திற் பெரு நிகழ்ச்சிகள் பல உண்டு. ஆயின் படகு உடையோர் மறவாது நினைவு கூர்வன சிறு செய்திகளே. நேரம் பார்க்க அவர் வைத்திருந்தது முகப்பு உடைந்தமையால் 1 டொலருக்கு விலை குறைத்துப் பெற்ற தகரக் கடிகாரம். தென்னமெரிக்காவின் மகெல்லன் நீரிணையில் இரவில் ஏறிக் கொள்ளையிட வருவோரைத் தடுக்க அவர் மேற்றளத்திற் பரப்பியவை கம்பள ஆணிகள். அவருடைய படகு சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நேர்வழியிற் செல்லும். ரொறஸ் நீரிணைப் பகுதியிலிருந்து இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகள் வரை 23 நாட்கள் சென்றபோது, சுக்கானிற் கை வைத்தது மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு என அவர் எழுதினார். தனியே செல்பவன் உறங்குவது எவ்வாறு என்ற பெருங்கேள்விக்கு அதுவே முதல் விடை.

ஸ்லோக்கம் கடலிற் பிறந்து வளர்ந்தவர் எனலாம். கரையில் வளர்ந்தோர்க்கு வழி காட்டியவர் ஹரி பிட்ஜன். அயோவா மாநிலத்தின் பண்ணையொன்றிற் பிறந்த அவர், கடலைக் கண்டதே வளர்ந்த பின்னர். முதலாம் உலகப் போரின் ஈற்றில், லொஸ் ஏஞ்சல்ஸ் கரையில், அச்சில் வெளிவந்த வரைபடங்களைப் பார்த்து, 34 அடிப் படகொன்றைத் தம் கையாலேயே கட்டினார். ‘ஐலண்டர்’ என்று பெயரிட்டு, 1921 முதல் 1925 வரை தனியே உலகைச் சுற்றி வந்தார். விவசாயியின் மகனும் நூலைப் பார்த்துப் படகு கட்டிக் கடலோடலாம் என்பது அதனால் நிலைபெற்றது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்க இளைஞர், முப்பத்திரண்டரை அடி நீளமான ‘ஸ்வாப்’ என்னும் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றினார். அத்துணைச் சிறு கலம் அதற்குமுன் உலகைச் சுற்றியதில்லை. அவ்வாறு தம் சொந்தப் படகின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவர், பிறர் கட்டிய கப்பலைக் கண்டதும் அதன் தரத்தை அறிவார் அல்லரோ? வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட, ஏறக்குறைய 90 அடி நீளமான ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதிற் சென்றனர். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் எனக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மசாச்சுசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது. அவர் மனைவியின் பெயரால் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரும் பெற்றது. வரைபடத் தாளின்றிக் கண்ணளவாற் கட்டும் நம் ஓடாவிமாரின் கைத்திறனுக்குக் கடலறிந்த ஒருவர் தம் பொருளாற் சான்றளித்தார். பிழைப்புக்காகக் கடலோடுவோரும் விருப்புக்காகக் கடலோடுவோரும் சந்திக்கும் இடம் அதுவே: நல்ல வேலையை இருசாராரும் அறிவர்.

இனி, படகு நிற்கும் இடத்துக் கவலையை நோக்குவோம். ஓடும் படகிலும் நிற்கும் படகே உடையவனை மிகுதியாக வருத்தும். இரவிற் காற்று மாறினால் நங்கூரம் இழுபடும். உறங்குபவன் பாறையில் விழிப்பான். ஆதலால் நள்ளிரவில் எழுந்து, கரையிலுள்ள விளக்கை நோக்கிப் படகு நகர்ந்ததா என்று பார்த்துப் படுப்பது அவன் வழக்கம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பௌதிகவியலறிஞர் ஜெப்றி இங்கிறம் ரெயிலரும் அவ்வாறு எழுந்து பார்த்தவர்களுள் ஒருவர். அவரும் ஒரு சிறு படகின் உடையவர். இழுக்க இழுக்கச் சேற்றினுள் ஆழ்ந்து செல்லும் கலப்பையின் வடிவில் ஒரு நங்கூரத்தை அமைத்து 1933ஆம் ஆண்டு உரிமை பெற்றார். குறைந்த எடையில் மிகுந்த பிடிப்பை அளித்தமையால், அது உலகெங்குமுள்ள சிறு படகுகளிற் பரவியது. உழவனின் கருவி கடலோடியின் உறக்கத்தைக் காத்தது.

காற்றைப் பற்றிய கவலையை ஓரளவு குறைத்தது வானொலி. 1920களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானிய வானொலி, கடற்பகுதிகளைப் பெயர் பெயராகக் கூறி வானிலை அறிவித்து வருகின்றது. சிறு குடாக்களில் நங்கூரமிட்டு நிற்கும் படகுகள் யாவற்றிலும் அந்நேரத்திற் பேச்சு அடங்கும். உடையவர் பென்சிலுடன் அமர்ந்து தம் பகுதியின் பெயர் வரும்வரை காத்திருப்பர். தன் பெயரைக் கேட்கக் காத்திருக்கும் மாணவனின் நெஞ்சத் துடிப்பு அவர்களுக்கும் உண்டு. வானொலிக்கு இதனினும் கூர்மையாகச் செவிசாய்ப்போர் இருத்தல் அரிது.

அடுத்தது பணக் கவலை. அதன் கொடுமையை ஆன் டேவிசன் என்னும் பெண்மணியின் வாழ்வு உணர்த்தும். அவரும் கணவர் பிராங்கும் 70 அடி நீளமான பழைய மீன்பிடிக் கப்பலொன்றை வாங்கி, உலகைச் சுற்றும் எண்ணத்தோடு திருத்தத் தொடங்கினர். செலவு மதிப்பீட்டை மீறியது, கடன் பெருகியது, கடன்காரர் வழக்கிட்டுக் கப்பலைப் பற்றும் நிலை வந்தது. 1949ஆம் ஆண்டு, திருத்த வேலை முற்றுப்பெறாத கப்பலிலேயே இருவரும் கடலுக்குத் தப்பிச் சென்றனர். கால்வாயிற் புயல் வீச, போட்லண்ட் முனையருகே கப்பல் மோதி உடைந்தது. பிராங்க் உயிரிழந்தார், ஆன் கரை சேர்ந்தார். மூன்றாண்டுகளின் பின்னர், 23 அடி நீளமான ‘பெலிசிற்றி ஆன்’ என்னும் படகிற் பிளிமத்திலிருந்து தனியே புறப்பட்டு, 1953ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேற்கிந்தியாவின் டொமினிக்காத் தீவை அடைந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்த முதற் பெண்மணி அவரே. அவருடைய இரண்டாம் படகு சிறியது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆளின் வலிமைக்கும் பொருளின் அளவுக்கும் அடங்கிய படகே நல்ல படகு என்ற பாடத்தை அவர் பெருவிலை கொடுத்துக் கற்றார்.

அளவறிந்து வாழ்ந்தோருக்கு எடுத்துக்காட்டு எரிக் ஹிஸ்கொக்கும் அவர் மனைவி சூசனும். 30 அடி நீளமான ‘வொண்டறர் மூன்று’ என்னும் படகில் 1952 முதல் 1955 வரை அவர்கள் உலகைச் சுற்றினர். எரிக் கண்பார்வை மிகக் குன்றியவர். அவர் எழுதிய நூல்கள் வீரம் பேசுவனவல்ல. தண்ணீரை எவ்வாறு அளந்து செலவிடுவது, ஈரப் போர்வையை எங்கே உலர்த்துவது, பூஞ்சணம் பிடியாது ஆடையை எவ்வாறு காப்பது என்பனவே அவற்றின் பொருள். நம் இல்லங்களிலும் ஒருகாலத்தில் இரைந்து எரிந்த மண்ணெண்ணெய் அழுத்த அடுப்பே அக்காலச் சிறு படகுகளின் அடுப்பு. அதனை அச்சிலே தொங்கவிட்டு, படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாதவாறு அமைப்பர். புயலின் நடுவே ஒரு கோப்பை சூடான தேநீர் தயாரிப்பது, பாய் சுருக்குவதினும் அரிய கலை என்பதை அறிந்தோர் அறிவர்.

உறக்கத்துக்கு வழி கண்டவர் ஹஸ்லர் என்னும் பிரித்தானியக் கடற்படை வீரர். காற்றினால் திரும்பும் சிறு தகடு சுக்கானைத் திருப்பிப் படகை நெறியில் நிறுத்தும் கருவியொன்றை அவர் அமைத்தார். அவர் முயற்சியால் 1960ஆம் ஆண்டு அத்திலாந்திக்கைத் தனியே கடக்கும் போட்டி நிகழ்ந்தது. ஐந்து படகுகள் சென்றன. பிரான்சிஸ் சிச்செஸ்ரர் 40 நாட்களில் முதலாவதாக வந்தார். ஹஸ்லர் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். ஊதியமும் உணவும் கேளாத மாலுமி ஒருவன் கிடைத்துவிட்டான் என்று படகு உடையோர் மகிழ்ந்தனர்.

இத்தனை கருவிகளும் வந்த பின்னரும் பழைய கவலை ஒழிந்ததா? பம்பாயில், இந்தியத் தச்சர் தேக்கு மரத்தாற் கட்டிய 32 அடிப் படகு ‘சுஹைலி’. அதன் உடையவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். 1968ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி, எங்கும் தங்காது உலகைத் தனியே சுற்றும் போட்டியில், பல்மத்திலிருந்து அவர் புறப்பட்டார். அத்திலாந்திக்கிலேயே படகு கசியத் தொடங்கியது. தம் வெண்ணிற உடலைச் சுறாக்கள் காணாதிருக்க உடையணிந்து நீரில் மூழ்கி, மூச்சடக்கி, நீருக்கடியிலேயே இடுக்கிற் பஞ்சு திணித்து, அதன்மேற் செப்புத் தகடு வைத்து ஆணியறைந்தார். இடையிற் சுறா ஒன்று வந்து வட்டமிட்டது. மேலேறி அதனைச் சுட்டுவிட்டு மீண்டும் மூழ்கினார். பின்னர் சுக்கான் திருப்பும் கருவி உடைந்தது, வானொலி பழுதாயிற்று, குடிநீர் கெட்டு மழைநீரை ஏந்த நேர்ந்தது. எனினும் 312 நாட்களின் பின் பல்மத்தை அடைந்தார். புறப்பட்ட ஒன்பதின்மருள் பயணத்தை நிறைவேற்றியவர் அவரொருவரே. அவர் வெற்றிக்கு அடிப்படை எது? தச்சன் செய்வதைத் தன் கையாற் செய்ய உடையவனுக்குத் தெரிந்திருந்தமையே.

இதற்கிடையில் படகு கட்டும் பொருளே மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விருத்தியடைந்த நீர்புகாப் பசையும் ஒட்டுப்பலகையும் பின்னர் படகுக்குப் பயன்பட்டன. 1963ஆம் ஆண்டு, இலண்டன் ‘டெயிலி மிறர்’ பத்திரிகையின் ஆதரவுடன், ஜக் ஹோல்ற் என்னும் படகமைப்பாளரும், வீட்டுக் கைவேலைகளைத் தொலைக்காட்சியிற் கற்பித்துவந்த பரி பக்னலும் 11 அடிக்குச் சற்றுக் குறைந்த படகொன்றை உருவாக்கினர். பலகைகளைச் செப்புக் கம்பியாற் தைத்து, கண்ணாடி நார்ப் பட்டியால் ஒட்டுவதே முறை. விலை 63 பவுண் 11 சிலிங். தொழிலாளியின் வீட்டுக் கூடத்திலே செந்நிறப் பாய்கொண்ட அப்படகுகள் உருவாயின. இதுவரை 70,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. மன்னனின் விளையாட்டு கூலித்தொழிலாளியின் முற்றத்துக்கு வந்து சேர 300 ஆண்டுகள் ஆயின.

1950களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடி நாராற் படகு வார்ப்பது தொழிற்சாலைத் தொழிலாயிற்று. இடுக்கில்லை, கலப்பத்து இல்லை, புழுவில்லை. இனிக் கவலையே இல்லை என்று விற்போர் கூறினர். சில காலம் சென்றதும், நீர் மெல்ல ஊறி, படகின் அடியிற் கொப்புளங்கள் எழக் கண்டனர். பாசியும் கொட்டலசும் எந்நாளும் போலவே வந்தன. அவற்றை ஒழிக்க வெள்ளீயச் சேர்மம் கலந்த புதிய பூச்சு வந்தது. பூசியோர் மகிழ்ந்தனர். ஆயின் பிரான்சின் ஆர்க்காசோன் குடாவிற் சிப்பி வளர்ப்போரின் சிப்பிகள் ஓடு தடித்துச் சிதைந்தன, குஞ்சுகள் தோன்றவில்லை. ஆய்வாளர் அப்பூச்சே காரணமெனக் கண்டனர். 1982ஆம் ஆண்டு பிரான்சும், 1987ஆம் ஆண்டு பிரித்தானியாவும் சிறு படகுகளுக்கு அதனைத் தடை செய்தன. 2008ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை ஒன்று எல்லாக் கப்பல்களுக்கும் தடை விதித்தது. விருப்புக்காகக் கடலோடுவோனின் வசதி, பிழைப்புக்காகக் கடலை நம்பியோனின் வயிற்றில் அடித்த கதை இது. இதனை அவன் மறத்தல் ஆகாது.

கடலின் சீற்றமும் மாறவில்லை. 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே நிகழ்ந்த பாஸ்நெற் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. எதிர்பார்த்ததினும் கொடிய புயல் இரவில் வீசியது. போட்டியாளர் 15 பேர் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. ஏனையவை மிதந்துகொண்டிருக்கப் பின்னர் மீட்கப்பட்டன. இரப்பர் மிதவையில் ஏறியோர் சிலர் மாண்டனர். அவர்கள் விட்டு நீங்கிய படகோ மாளவில்லை. படகு கால்கீழ் அமிழும்வரை அதனை விட்டு நீங்காதே என்ற மூத்தோர் அறிவுரையை அவ்விரவு உறுதிப்படுத்தியது.

இக்காலத்திற் செயற்கைக்கோள் நிலையம் காட்டுகின்றது; மின்கருவி சுக்கான் பிடிக்கின்றது; துறையில் மின்சாரமும் குடிநீரும் கிடைக்கின்றன. எனினும் துறைக் கட்டணமும் காப்புறுதியும் ஏறுகின்றன. ஆர்வத்துடன் வாங்கி, ஒரு கோடை ஓட்டி, மறந்துவிட்ட படகுகள் கரையோரங்களிற் குவிகின்றன. மரம் மக்கி மண்ணாகும். கண்ணாடி நார் மக்காது. அவற்றைப் பிரித்து அழிப்பதற்கெனவே பிரான்சில் 2019ஆம் ஆண்டு தனியமைப்பொன்று பணி தொடங்கியது. உடையவன் பாராப் பயிர் பாழ் என்று உழவர் கூறுவர். உடையவன் பாராப் படகோ பாழாவதோடு நில்லாது, ஊருக்கும் சுமையாகின்றது.

அவ்வாறாயின், இத்தனை கவலைகளை மனிதர் விரும்பி ஏற்பது ஏன்? அலுவலகத்தில் நாம் செய்யும் வேலையின் பயன் நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. தவறின் விளைவும் எட்டுவதில்லை. படகில் அவ்வாறன்று. இன்று சரியாகக் கட்டிய முடிச்சு இன்றிரவே காக்கும்; இன்று கவனியாது விட்ட இடுக்கு நாளையே கசியும். செயலும் பயனும் இவ்வளவு அணுக்கமாக நிற்கும் இடம் இக்கால வாழ்வில் அரிது. மக்முலன் ஆட்களை விலக்கிய நாளிற் பெற்றது அந்த அணுக்கமே.

நம் கரையின் கடலோடிகள் இவ்வுண்மையைத் தொழிலாகவே வாழ்ந்து காட்டியவர்கள். அவர்களுக்கு அது விருப்பமன்று, விதி. விருப்புக்காகக் கடலோடுவோன் அவர்களை விட வீரனல்லன். அவன் வேண்டும்போது கரைக்கு மீளலாம். ஆயின் பஞ்சும் உளியும் ஏந்தித் தன் படகின் கீழ் மல்லாந்து கிடக்கும் அந்நேரத்திலாவது, அவன் அவர்களுடைய பள்ளியின் மாணவன். ஒன்றை உடைமையாகக் கொள்ளுதல் என்பது அதற்குப் பணிசெய்தல் என்பதே அப்பள்ளி கற்பிக்கும் முதற் பாடம்.